முந்தானையின் மறுமுனை

நேற்று நம் சைகை மொழிபெயர்ப்பு வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருத்தி வந்து கேட்டாள். "மேடம், இப்பல்லாம் பேசப் பேச போன்லயே எழுத்தா வந்துடுது. காது கேக்காதவங்க அதப் படிச்சிக்கலாம். அப்புறம் நாம எதுக்குங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கலசப்பாக்கம் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்ததில், அந்தக் கோபம் அவள்மேல் வந்ததல்ல என்று தெரிந்தது. ஒரு நாள் நானே அந்தப் போனைப் போல நடந்துகொண்டேன். அதனால் ஒரு தாய் தன் பிள்ளையை இழக்க இருந்தாள். அதை உங்களிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். ஆகவே எழுதித் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பா கலசப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். வாய் பேசுவதற்கு முன்பே எனக்குக் கை பேச வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் பால்காரர், வங்கிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று பேசி வளர்ந்தவள் நான். இது ஒன்று.

இன்னொன்று, நான் சோறு தின்ற வேலை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்து நீதிமன்றத்தில் சேர்ந்தேன். சாட்சிகள் சொல்லச் சொல்ல எழுதுவதுதான் முப்பது வருஷமும். காது கேட்காதவர்கள் ஒருவரையொருவர் எழுத்துக்கூட்டிக் கூப்பிட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். அப்பாவின் கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர், பத்து விரலாலும் காற்றில் தட்டச்சு அடிப்பது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நீதிபதியிடம் வாங்கிய பேச்சை இன்றுவரை மறக்கவில்லை. அடிதடி வழக்கு. மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, "அவன் இன்னாத்துக்கு அடிச்சான்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். நான் அழகாக, 'அவர் எதற்காக அடித்தார் என்று எனக்குத் தெரியாது' என்று அடித்தேன். நீதிபதி தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்தப் பெரியவர் தெரியாதுன்னு சொன்னாராம்மா?"

"அர்த்தம் அதுதானேங்க ஐயா."

"அர்த்தத்த நான் பாத்துக்கறேன். எழுதுற கைக்கு அபிப்பிராயம் கிடையாது. அவரு வாயில வந்தத எழுதுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றிலிருந்து ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. நல்ல எழுத்தர் என்று பெயரெடுத்தேன். அந்த நல்ல பெயரோடுதான் ஜவ்வாது மலைக்குப் போனேன்.

ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருந்தபோது, சைகை தெரிந்தவர் வேண்டும் என்று ஒரு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். வெள்ளச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்குச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யப் பழகுங்கள்.

வெள்ளச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் போகவேண்டிய சின்ன ஊர் அவளுடையது. கணவர் புளி உலுக்க மரமேறியவர், கிளை முறிந்து விழுந்து இறந்துபோனார். கையில் பதினொரு மாதப் பையன். கணவரின் அண்ணன் போளூரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். பிள்ளையைத் தான் வளர்ப்பதாக அவர் மனு கொடுத்திருந்தார். மூன்று பேர் கொண்ட ஒரு குழு மலைக்கே வந்து விசாரிப்பதாக ஏற்பாடு. பிள்ளை தாயிடம் இருக்குமா, போளூருக்குப் போகுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முந்தின நாளே நான் மலையேறிவிட்டேன். அந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வெள்ளச்சியின் கை பேசுவது நம் வகுப்பில் சொல்லித்தரும் சைகை இல்லை. அந்த வீடும் அக்கம்பக்கத்துப் பத்துக் குடும்பமும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட பேச்சு. புளிக்கு நாக்கைச் சுழித்து ஒரு கண்ணை மூடுவாள். சாமைக்கு உள்ளங்கையை ஏந்தி உமியை ஊதுவாள். பலாப்பழத்துக்கு அதைத் தட்டிப் பார்ப்பதுபோல் தன் வயிற்றையே தட்டிக் காது கொடுப்பாள். காதே கேட்காதவள் அப்படிச் செய்யும்போது அவளுக்கே சிரிப்பு வரும். கணவருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருந்ததாம், புருவத்தைத் தொட்டால் அவர். பையனுக்குக் கன்னத்தில் குழி விழும், கன்னத்தில் விரலை வைத்தால் அவன்.

சாயங்காலத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் சளசளவென்று பேச ஆரம்பித்துவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி சுளகில் சாமை புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நல்லாத்தான் பேசும்மா," என்றாள். "எங்களுக்குத்தான் லேட்டா புரியும்."

அந்த ஒரு வாக்கியத்தை மடியில் முடிந்துகொண்டு மறுநாள் விசாரணைக்குப் போயிருக்க வேண்டும். நான் அதை முடிந்துகொள்ளவில்லை.

ஜமுனாமரத்தூரில் ஓர் அரசுக் கட்டடத்து அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, ஐம்பது வயதிருக்கும், முகம் சிடுசிடுக்காத மனுஷி. அவருக்கு வலப்புறம் இருந்தவர் குறிப்பெடுத்தார். பக்கத்துப் பெஞ்சில் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். பிள்ளை அந்த அம்மாள் மடியில் உட்கார்ந்து வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான். வெள்ளச்சி எனக்கு எதிரே.

மேசை, கோப்பு, ஓடுகிற பேனா. இதையெல்லாம் பார்த்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. தையல்காரர் மகளை வாசலில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்காரி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தாள். இங்கே ஒரு சொல்லையும் கூட்டக்கூடாது, அவள் கையில் வருவதை அப்படியே எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் அண்ணன் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, பேசும்போது குரல் நடுங்கியது. "எந்தம்பிக்கு இருக்கிறது இந்த ஒரு புள்ளதாங்க. இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது. ராத்திரியில புள்ள அழுதா அதுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றதுங்க?"

தலைவி வெள்ளச்சியிடம் கணவர் இறந்ததைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னதை இப்போது நினைத்தாலும் கண்முன்னே நிற்கிறது. புருவத்தைத் தொட்டாள். ஆள் ஏறுகிறான், கிளை வளைகிறது, கீழே நின்று இவள் அண்ணாந்து பார்க்கிறாள், கிளை போகிறது, பிறகு இரண்டு கையும் மெதுவாக மண்ணில் படுகின்றன. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"புருஷன். புளியமரம். ஏறினார். கிளை. விழுந்தார். இல்லை."

பிழைப்புக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். வருஷம் முழுக்க எந்த மாதத்தில் எந்த வேலை என்று வரிசையாகக் காட்டினாள். நான், "சாமை. புளி. பலா. வேலை. நான்," என்றேன்.

குறிப்பெடுத்தவர் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இவங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைங்க என்று கோர்ட்டுப் பதிலாக ஒன்றைச் சொன்னேன். அவர் கேட்டதை வெள்ளச்சிக்குச் சொல்லவும் இல்லை. அவளைப் பற்றி அவள் எதிரிலேயே கேட்ட கேள்வியை அவளிடமிருந்து மறைத்தேன். அது இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிட எந்த விதத்திலும் சின்னதில்லை.

பிறகு தலைவி அந்தக் கேள்வியைக் கேட்டார். "ராத்திரி குழந்தை அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளச்சியின் முகம் மலர்ந்தது. இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல் கையை உயர்த்தினாள். கன்னத்தில் விரல் வைத்தாள். பிறகு கால், துணி, சுற்று, தன் கை, தூக்கம் என்று காட்டிக்கொண்டே போனாள். நான் அதைச் சொல் சொல்லாகச் சொன்னேன்.

"புள்ள. கால். கட்டு. துணி. என் கை. கட்டு. தூக்கம்."

பேனா நின்றது. தலைவியின் முகம் மாறியது. "புள்ளையோட காலைக் கட்டிப் போடுவீங்களா?"

நான் அதையும் அப்படியே கேட்டேன். காலில் கட்டுவாயா? அவள் பெருமையாகத் தலையாட்டினாள். தினமும், என்றாள்.

"தினமும்," என்றேன் நான்.

"பாத்தீங்களாம்மா," என்றார் அண்ணன். அவர் மனைவி பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

காது கேட்காதவர்கள் முகத்தைப் படித்தே பிழைப்பவர்கள். வெள்ளச்சி தலைவியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிள்ளையை இறுக்கிக்கொண்ட அந்தக் கைகளைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். என் வாயைச் சுட்டிக்காட்டி உள்ளங்கையை விரித்தாள். நீ அவர்களிடம் என்ன சொன்னாய்?

அவள் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்திருந்தது, கையைத் தூக்கிய உடனேயே புரிந்திருந்தது. அவள் சுற்றியது முந்தானையை. ஒரு முனை பையன் கணுக்காலில், மறுமுனை தன் மணிக்கட்டில். அழுதால் பிள்ளை காலை உதைக்கும், உதைத்தால் மணிக்கட்டு இழுபடும், இவள் விழித்துக்கொள்வாள். அந்த இழுப்பைத் தோளிலும், விழிப்பைக் கண்ணிலும், தட்டிக்கொடுப்பதை மார்பிலும் காட்டியிருந்தாள். முடிச்சே கிடையாது, தளர்வான சுற்றுதான் என்பதைக்கூட இரண்டு விரலை உள்ளே விட்டுக் காட்டினாள். நான் விரலில் இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு தோளையும் கண்ணையும் மார்பையும் கீழே போட்டுவிட்டேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லைதான். ஆனால் அவள் சொன்னதில் முக்கால்வாசியை விழுங்கியிருந்தேன்.

என் அப்பாவுக்காக ஒரு நாளாவது இப்படிப் பேசியிருப்பேனா? 'துணி. நாளை. தையல்' என்று கடைக்கு வந்தவரிடம் சொல்லியிருந்தால் அப்பாவை யார் மதித்திருப்பார்கள்?

எழுந்து நின்றேன்.

"மேடம், மன்னிக்கணும். இவ்வளவு நேரம் நீங்க கேட்ட உடைஞ்ச பேச்சு அவங்களோடது இல்லீங்க. என்னோடது. அவங்க முழுசாத்தான் பேசினாங்க. நான்தான் துண்டு துண்டாக் குடுத்துட்டேன். மொதல்லருந்து திரும்பச் சொல்ல அனுமதி வேணும்."

"இப்ப மாத்திச் சொல்லப் பாக்குறாங்கம்மா," என்றார் அண்ணன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

தலைவி என்னையே பார்த்தார். "நீங்க முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. இப்ப வேறன்னு சொல்றீங்க. எதை நான் நம்பறது?"

என்னை நம்புங்கள், என் அம்மாவும் இப்படித்தான் செய்தாள் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆமாம், எனக்கும் சின்ன வயதில் கணுக்காலில் அம்மாவின் சேலை இருந்தது. அதைச் சொன்னால் தலைவி நிச்சயம் இரங்கியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். அது வெள்ளச்சியின் விசாரணை. என் அம்மாவை அங்கே கொண்டுவர எனக்கு உரிமை இல்லை.

"என்னை நம்ப வேணாங்க," என்றேன். "அதே கேள்வியக் கேளுங்க. அவங்க செஞ்சி காட்டட்டும். நீங்களே பாத்துக்குங்க."

அதற்குமுன் வெள்ளச்சியிடம் திரும்பி, நடந்தது அத்தனையும் சொன்னேன். நான் தப்பாகச் சொன்னேன், நீ பிள்ளையைக் கட்டிப் போடுவதாக அவர்கள் நினைக்கிறார்கள், உனக்குப் புத்தி சரியில்லையோ என்றும் கேட்டார்கள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்துபோய், அண்ணன் மனைவியிடம் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள்.

பெஞ்சிலேயே அவனைக் கிடத்தினாள். முந்தானையைப் பிரித்து ஒரு முனையை அவன் காலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். தலைவியைக் கூப்பிட்டு அவர் விரலை அந்தச் சுற்றுக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பையன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கொஞ்ச நேரத்தில் அம்மா முகம் தெரியவில்லை என்று உதடு பிதுங்கியது. சத்தம் வருவதற்குள் கால் உதைத்தது. வெள்ளச்சி கண்ணைத் திறக்கவே இல்லை. கை மட்டும் பின்னால் போய் அவன் மார்பைத் தேடிப்பிடித்துத் தட்ட ஆரம்பித்தது. அவன் அழ வந்ததை மறந்துவிட்டான்.

தலைவி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு முதல் கேள்வியிலிருந்து திரும்பக் கேட்டார். இந்த முறை நான் வெள்ளச்சியாகப் பேசினேன். "எங்க வூட்டுக்காரரு ஏறும்போது நான் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தேங்க. கிளை வளையறது தெரிஞ்சிது. எனக்குக் கத்த வராது." இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. வெள்ளச்சி என் முகத்தைப் பார்த்து, இப்போது சரியாகத்தான் சொல்கிறாய் என்பதுபோல் தலையசைத்தாள்.

வாக்குமூலத்தை எழுதித்தரச் சொன்னார்கள். அங்கே என் பழைய வேலை கைகொடுத்தது. எழுதி முடித்து, வரிவரியாக அவளுக்குக் கையால் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 'வலது கால்' என்று எழுதியிருந்தேன். வலது இல்லை, இடது. திருத்து என்றாள். திருத்திக் கையெழுத்துப் போட்டேன், அவள் கைநாட்டு வைத்தாள். எழுதும்போது அவ்வளவு சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். அதில் நீதிபதி சொன்னதை ஒரு எழுத்துகூட நான் தள்ளவில்லை.

பிள்ளை தாயிடமே இருக்கட்டும், மாதம் ஒருமுறை கிராம நர்ஸ் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைவி சொன்னார். உத்தரவு தாளாகப் பின்னால் வந்தது.

அண்ணன் தலைகுனிந்தபடி என்னிடம் வந்தார். "நடுவுல நானும் வந்து புள்ளயப் பாக்கலாமான்னு அதுகிட்ட கேளுங்கம்மா."

கேட்டேன். வெள்ளச்சி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். கணவரின் அண்ணனுக்குக் காட்டும் மரியாதையாகத் தலையை லேசாகத் தாழ்த்தினாள். பிறகு புருவத்தைத் தொட்டு, வீடு என்று காட்டி, எதற்குக் கேட்கிறீர்கள் என்று கையை விரித்தாள். அந்தக் குனிந்த தலைக்கும் போர்த்திய தோளுக்கும் எனக்கு ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது. இந்த முறை அதைக் கீழே போடவில்லை.

"உங்க தம்பி வூட்டுக்கு வர்றதுக்கு எதுக்கு மாமா கேக்குறீங்க?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அந்தக் குடும்பத்துக்கு வந்து ஆறு வருஷமாம். அவள் தன்னை மாமா என்று கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி முன்னால் நடந்தார்.

வெளியே படியில் நானும் வெள்ளச்சியும் உட்கார்ந்தோம். விசாரணை முடிந்துவிட்டது, இனி பேசலாம். என் அம்மாவுக்கும் காது கேட்காது என்றேன். என் காலைக் காட்டி, முந்தானையைக் காட்டி, என் அம்மாவும் உன்னைப்போலத்தான் என்றேன். அவள் நம்பாமல் என் புடவைக் கரையை லேசாகத் தூக்கி, அங்கே ஏதாவது தடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் என் கணுக்காலைப் பார்த்தாள். இத்தனை வயதான கால், நரம்பு புடைத்துக் கிடந்தது. அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நேற்று கேட்டவளே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன் எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும். அந்த அறையில் இருந்திருந்தால் அதுவும் என்னைப்போலத்தான் ஒரு சொல்லையும் கூட்டாமல் இருந்திருக்கும். ஆனால் நீ என்ன சொன்னாய் என்று அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது, எழுந்து நின்று பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நான் அவளை ஊர்வரை கொண்டுவிடப் போனேன். ஜீப் நின்றதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள். என்ன ஆச்சு, யார் சொன்னது, எப்படி நடந்தது என்று வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளச்சி எல்லாவற்றையும் காட்டினாள். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது தட்டச்சு அடித்துக் காட்டுவாள் என்று பார்த்திருந்தேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அவள் என்னைக் கைகாட்டிவிட்டு, தன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து ஒருமுறை இழுத்தாள். பிள்ளை காலை உதைத்தால் தாய்க்குத் தெரியுமே, அந்த இழுப்பு. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே தன் மணிக்கட்டையும் அதேபோல் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த மலையில் இன்றைக்கும் என் பெயர் அதுதான்.